'வெள்ளையணு' வேண்டாம்: ஹீமோசைட்டுக்குச் சொல்

வணக்கம்.

நீர்ப்பூச்சிகளின் நோயெதிர்ப்புச் சொற்பட்டியலில் ஹீமோசைட்டுக்கு (பூச்சியின் குருதியில் உள்ள அணு) 'வெள்ளையணு' என்றிருக்கிறது. எடுத்துவிடலாம். சிவப்பு இருந்தால்தானே வெள்ளை? பூச்சிக்குச் செவ்வணுவே கிடையாது. கைரோனோமஸ் (கொசுவைப் போன்ற, கடிக்காத பூச்சி) புழு சிவப்பாக இருக்கிறதே என்பீர்கள். அதன் ஹீமோகுளோபின் எந்த அணுவுக்குள்ளும் இல்லை, குருதித் திரவத்திலேயே கரைந்திருக்கிறது. இலங்கை வழக்கின் 'வெண்குழியம்' போட்டாலும் இதே சிக்கல்தான்.

முன்மொழிவு: ஹீமோலிம்ப் (பூச்சியின் குருதித் திரவம்) – குருதிநிணம்; ஹீமோசைட் – குருதிநிண அணு; அதன் வகைகளான கிரானுலோசைட் – மணியணு; பிளாஸ்மட்டோசைட் – பரவணு (கண்ணாடியில் ஒட்டிப் பரவுவதால்).

> நீளமாக இருக்கிறது. 'நிணவணு' போதாதா?

லிம்போசைட் (நம் உடலின் ஒரு வெள்ளையணு வகை) என்று படித்துவிடுவார்கள். 'உடற்குழி அணு'வும் ஆகாது. அது மண்புழுவின் சீலோமோசைட்டுக்கு வேண்டும். நீளத்தைப் பொறுத்துக்கொள்வோம்.

> கொசுவில் மணியணுவும் கண்ணாடியில் நன்றாகப் பரவும். 'பரவணு' இரண்டையும் குழப்பும்.

சரி, பரவணுவைக் கைவிடுகிறேன். ஆனால் 'பிளாஸ்மா அணு' மட்டும் வேண்டாம். அது நம் உடலில் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) சுரக்கும் செல். பூச்சியிடம் எதிர்ப்பொருளே இல்லை. நல்ல சொல் கிடைக்கும்வரை பிளாஸ்மட்டோசைட் என்றே இருக்கட்டும்.

> என்காப்சுலேஷனுக்கு (உள்ளே நுழைந்ததை உறையிட்டு மூடுதல்) 'அணுவுறை' சரியா?

பாதிதான் சரி. விழுங்க முடியாத உருளைப்புழு உள்ளே வந்தால் அணுக்கள் அடுக்கடுக்காகப் படிந்து மூடும், அங்கே பொருந்தும். கைரோனோமஸ், கொசுப்புழு போன்றவற்றில் அணுக்கள் குறைவு. அணு ஒட்டாமலேயே மெலனின் என்ற கருநிறமி படிந்து கறுப்புறை உருவாவதுண்டு. ஆகவே பொதுச்சொல் 'பொதிதல்'; வகைகள் 'அணுப்பொதி', 'கரும்பொதி'.

> மெலனைசேஷன்?

'கருத்தல்' போதும், ஆய்வகத்தில் கண்ணால் காண்பதே அதுதான். எடுத்த துளி காற்றுப்பட்டுச் சில நிமிடங்களில் கறுக்கும். ஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி செய்யும் வேலை. விளக்கக் குறிப்பில் துளி எடுத்து அணுக்களை எண்ணும் முறையையும் சேர்க்கலாம்: தட்டான் இளம்பருவத்தைப் பனிக்கட்டியில் குளிரவைத்து, வடிதாளால் உடலை நன்றாக ஒற்றி, பிறகே காலை அதன் அடிப்பகுதியில் வெட்ட வேண்டும். உடலில் ஒட்டிய குளத்துநீர் துளியில் கலந்தால் அணுக்கள் ஊதி வெடிக்கும், எண்ணிக்கை பொய்யாகும். துளியை உடனே, குருதி கட்டியாகாமல் தடுக்கும் குளிர்ந்த கரைசலில் கலக்கவும். நியூபாவர் தட்டில் (அணுக்களை எண்ணும் கட்டமிட்ட கண்ணாடி) நான்கு மூலைச் சதுரங்களில் எண்ணிய அணுக்களின் சராசரியை நீர்ப்பு மடங்காலும் (துளியை எத்தனை மடங்கு நீர்த்தோம் என்பது) 10,000ஆலும் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டருக்கான எண்ணிக்கை.

> 'நீர்ப்பு மடங்கு' பட்டியலில் இல்லையே.

சேர்த்துவிடுகிறேன்.