நடையில் நிறுத்திய மரங்கள்: உங்கள் அனுபவம்

திருநெல்வேலியிலிருந்து

நண்பர்களுக்கு வணக்கம். காலை நடையிலோ ஊர்ப் பயணத்திலோ உங்களை நின்று பார்க்க வைத்த ஒரு மரத்தைப் பற்றி ஒவ்வொருவரும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டு இந்தப் பகிர்வைத் தொடங்குகிறேன். மரத்தின் பெயரும் ஊரும் மட்டும் போதாது. எந்த மாதம், எந்த நேரம் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு மரத்தை ஒரு முறை பார்த்தாலே அறிந்துகொண்டதாகப் பல ஆண்டுகள் எண்ணியிருந்தவன் நான். அந்த எண்ணத்தை மாற்றிய ஊர் திருப்புடைமருதூர்.

கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் இடத்துக்கு அருகில் இருக்கிறது அந்த ஊர். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்ளே இருக்கும் பழைய ஓவியங்களையும் மரச்சிற்பங்களையும் பார்க்கவே முதல் முறை போனேன். சித்திரை வெயிலில் கோபுரத்திலிருந்து இறங்கி வந்து, ஆற்றங்கரை மருத மரம் ஒன்றின் அடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று அந்த மரம் எனக்கு நல்ல நிழல், அவ்வளவுதான். அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டாம் முறை தை மாதத்தில் விடியற்காலையில் போனேன். ஊருக்குள் நுழையும் முன்பே இரைச்சல் கேட்டது. மரங்களின் மேற்கிளைகளில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டியிருந்தன. கீழே தரை முழுவதும் எச்சத்தால் வெளுத்திருந்தது. பறவைகளுக்காக 2005ஆம் ஆண்டில் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். சித்திரையில் நான் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்த மரமும் அவற்றுள் ஒன்று.

அதன் பிறகுதான் மருதத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். சாம்பலும் வெண்மையும் கலந்த வழவழப்பான பட்டை, பெரிய மெல்லிய செதில்களாக உரிந்து விழுகிறது. உரிந்த இடத்தில் புதுப்பட்டை இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தால், காம்பு இலையோடு சேரும் இடத்தில் இரண்டு சிறு சுரப்பிகள், குண்டூசித் தலை அளவில், தடவினால் விரலில் தட்டுப்படும். காயில் ஐந்து சிறகுகள் நீளவாக்கில் ஓடுகின்றன. என் கைக்கு எட்டும் உயரத்தில் சில மரங்களில் பட்டையை வெட்டி எடுத்த தழும்புகள் இருந்தன. மருதம்பட்டைக் கஷாயம் இதயத்துக்கு நல்லது என்ற நம்பிக்கை மரத்தில் விட்ட காயங்கள் அவை. வெட்டுவாயைச் சுற்றிலும் மரம் உதடு போலத் தடித்து, அந்தக் காயத்தை மெல்ல மூடிக்கொண்டு வந்தது.

மருதத்தால் பெயர் பெற்ற தலங்கள் மூன்றைச் சேர்த்துச் சொல்வது வழக்கம்: மல்லிகார்ச்சுனமாகிய ஸ்ரீசைலம், மத்தியார்ச்சுனமாகிய திருவிடைமருதூர், புடார்ச்சுனமாகிய இந்தத் திருப்புடைமருதூர். தலமரம் என்றால் கம்பிவேலிக்குள் மஞ்சள் துணி கட்டிய ஒற்றை மரத்தைப் பார்த்தே பழகிய எனக்கு, ஊர்ப்பெயருக்குக் காரணமான மரம் ஆற்றங்கரை நெடுகத் தன் விருப்பத்துக்கு வளர்ந்து நிற்பதைக் கண்டது பெரும் நிறைவு.

அதே தாமிரபரணியின் கீழ்ப்பகுதியில் ஆழ்வார்திருநகரி இருக்கிறது. ஆதிநாதர் கோயிலில் நம்மாழ்வார் வீற்றிருந்ததாகப் போற்றப்படும் புளியமரத்துக்கு உறங்காப்புளி என்று பெயர். அதன் இலைகள் இரவில் மூடுவதில்லை என்பது மரபு. அந்தப் பெயரைக் கேட்ட பிறகுதான் மற்றப் புளியமரங்கள் உறங்குகின்றன என்பதே எனக்கு உறைத்தது. நாற்பது ஆண்டுகளாகப் புளியமரத்தடியில் பேருந்துக்குக் காத்திருந்தவன், அது சாயங்காலம் இலை மடிப்பதைப் பார்த்ததில்லை.

ஒரு சிறு யோசனை. மரத்தின் சுற்றளவை எடுப்பவர்கள் மார்பளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டரில் எடுங்கள். வனத்துறையினர் எடுக்கும் உயரம் அதுவே. தையல் நாடா பெரிய மரங்களுக்குப் போதாது. ஒரு சணல் கயிற்றால் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து அளந்துகொள்ளலாம்.

மயிலாடுதுறையிலிருந்து

நேரத்தையும் குறிப்பிடச் சொன்னீர்கள். என் மரத்துக்கு நேரம் விடியற்காலை நான்கு மணி, மாதம் பங்குனி.

காவிரிக் கரையில் இருக்கும் என் அத்தை வீட்டுக்குக் கோயில் திருவிழாவுக்காகப் போயிருந்தேன். இரவில் ஓட்டின்மேல் ஏதோ சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருந்தது. மழை என்று நினைத்துக் கொடியில் கிடந்த துணியை எடுக்க எழுந்தபோது, அத்தை படுத்தபடியே, "மழை இல்லடா, இலுப்பை கொட்டுது. டார்ச் எடுத்துக்கிட்டுப் போய்ப் பாரு" என்றார்.

வீட்டுக்குப் பின்புறம் கோயிலுக்குச் சொந்தமான தோப்பில் நான்கு இலுப்பை மரங்கள் நின்றன. பகலில் அவற்றைப் பார்த்திருக்கிறேன். பழைய இலைகளை உதிர்த்துவிட்டுச் செம்புநிறத் தளிர் விடத் தொடங்கியிருந்தன. பூ இருந்ததைக் கவனிக்கவில்லை. அவை கிளை நுனியில் கொத்தாகத் தலைகவிழ்ந்து தொங்குவதால் கீழிருந்து எளிதில் கண்ணில் படுவதில்லை. இப்போது டார்ச் வெளிச்சத்தில் தரை முழுவதும் வெளிர்மஞ்சள் முத்துகள் கொட்டிக் கிடந்தன. மேலே பழந்தின்னி வௌவால்கள் சிறகடித்துக்கொண்டு ஒரு கொத்திலிருந்து இன்னொரு கொத்துக்குத் தாவின. அவை தாவும்போதெல்லாம் ஒரு கைப்பிடிப் பூ உதிர்ந்தது.

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். விரல் நுனி அளவில், இதழ்கள் ஒன்றுசேர்ந்து சதைப்பற்றான ஒரு சிறு குடமாக இருந்தது. அழுத்தினால் திராட்சையைப் போல நசுங்கியது. உதிர்வது இந்தக் குடம் மட்டுமே. சூலகமும் அதன் நீண்ட சூல்தண்டும் மரத்திலேயே தங்கிவிடுகின்றன. காலையில் பார்த்தபோது கொத்துகளில் அந்தத் தண்டுகள் மட்டும் நூல்நூலாக நீட்டிக்கொண்டிருந்தன. வாயில் போட்டால் முதலில் நல்ல இனிப்பு, பிறகு நாக்கில் ஒரு கனத்த வாடை தங்குகிறது. "ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அந்தச் சர்க்கரையை நாக்கில் வைத்துப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று அன்று யோசித்தேன்.

அத்தை எழுந்து வந்து முறத்தில் பூவை வாரினார். சிறு வயதில் இதை உலர்த்தி வறுத்து இடித்து உருண்டை பிடித்துத் தின்றதாகச் சொன்னார். ஆடி மாதவாக்கில் விழும் விதைகளைப் பொறுக்கிச் செக்கில் கொடுத்தால், எண்ணெய் கோயில் விளக்குக்கும் பிண்ணாக்கு தலைக்குத் தேய்த்துக் குளிக்கவும் பயன்பட்டதாம். இவ்வளவையும் அவர் குனிந்து பூ வாரிக்கொண்டே சொன்னார். எட்டு மணி வெயில் ஏறியதும் மிச்சப் பூக்கள் பழுப்பேறித் துவண்டு, எறும்பு மொய்க்கத் தொடங்கியது. ஒன்பது மணிக்கு வந்து பார்ப்பவருக்கு அங்கே ஒன்றுமே நடந்ததாகத் தெரியாது.

மன்னாரிலிருந்து

எங்கள் ஊர் மரத்தைப் பற்றி நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? யாழ்ப்பாணத்திலிருந்து வேலை மாற்றலாகி மன்னாருக்கு வந்த முதல் கிழமையே பள்ளிமுனைப் பெருக்கு மரத்தைக் காட்டினார்கள். ஆவணி மாதம், கடும் வரட்சி. ஓர் இலைகூட இல்லை. அதன் சுற்றளவு 19 மீட்டருக்கு மேல்; உயரமோ அதில் பாதிகூட இல்லை. சாம்பல் நிறப் பட்டை யானையின் தோலைப் போல மடிப்பு மடிப்பாகச் சரிந்து கிடந்தது. அதன் நிழலில், நிழல் என்று சொல்ல முடியுமானால், மன்னார்த் தெருக்களில் எங்கும் காணப்படுகிற கழுதைகள் மூன்று நின்றன. உண்மையைச் சொன்னால், அன்று நான் அதை அழகென்று நினைக்கவில்லை.

ஆப்பிரிக்காவுக்குரிய இந்த மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாக இங்கே வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தமிழ்நாட்டுக் கரையோரங்களில் இதே மரத்தை ஆனைப்புளி, பப்பரப்புளி என்று சொல்வார்கள். பழத்தின் உள்ளே இருக்கும் மாப்போன்ற சதை புளிக்கும் என்பதால் வந்த பெயர்கள். அடிமரம் மென்மையானது, மழைக்காலத்து நீரைத் தன்னுள்ளே தேக்கிக்கொண்டு கோடையைக் கடக்கிறது.

மாரி தொடங்கி இரண்டு கிழமைகள் கழித்து வேறு அலுவலாக அந்த வழியால் சைக்கிளில் போனபோது நான் இறங்கியே விட்டேன். விரித்த கையைப் போன்ற இலைகள், பளபளவென்று, அந்தக் கிழட்டு மரத்தின் ஒவ்வொரு கொம்பிலும் நிறைந்திருந்தன. ஆவணியில் செத்த மரம் என்று எண்ணிய ஒன்றின் முன்னால் நான் தலைக்கவசத்தைக் கழற்றி நின்றேன். நெடுந்தீவிலும் ஒரு பெருக்கு மரம் உண்டு. அதன் அடிமரப் பொந்துக்குள் ஆள் நுழைந்து நிற்கலாம். தீவுக்குப் போகிறவர்கள் மாரிக்குப் பிறகு போய்ப் பாருங்கள்.

சென்னையிலிருந்து

அடையாறு பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய 450 ஆண்டுகள் பழமையானது என்று சொல்லப்படும் அம்மரத்தின் தாய்மரம் 1989ஆம் ஆண்டுப் புயற்காற்றில் சாய்ந்தது. இப்போது நாம் காண்பதெல்லாம் விழுதுகள் ஊன்றிய மரம். கொல்கத்தாவுக்கு அருகே ஷிப்பூர் தாவரவியல் பூங்காவிலுள்ள பேராலுக்கும் இதே கதைதான். பூஞ்சை அரித்த அதன் நடுமரத்தை 1925இல் அகற்றினார்கள். இரண்டு இடங்களிலும் நான் செய்தது ஒன்றே. நடுவில் தாய்மரம் நின்ற இடத்தைத் தேடிப் போய், அந்த வெற்றிடத்தில் சிறிது நேரம் நின்றேன். அங்கே நின்று பார்க்கும்போதுதான் சுற்றியிருக்கும் தூண்கள் அத்தனையும் ஒரே மரம் என்பது புரிகிறது.

கடலூரிலிருந்து

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் சிதம்பரத்தில் இன்று காடாக இல்லை. அதைப் பார்க்கக் கிழக்கே பிச்சாவரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. மாசி மாதம் ஒரு பிற்பகலில் படகில் போனேன். சுரபுன்னை முட்டுவேர்களை ஊன்றிச் சேற்றில் நிற்கிறது. கண்டல் பென்சில்களைப் போல மூச்சுவேர்களை மேலே நீட்டுகிறது. தில்லைக்கு இந்த இரண்டு ஏற்பாடுகளும் இல்லாததால், சற்றே கெட்டியான மேட்டு நிலத்தை ஒட்டி ஒதுங்கி நிற்கிறது. உதிரும் முன் அதன் இலைகள் செக்கச் செவேலென்று மாறுகின்றன. பச்சைக் கால்வாயின் ஓரத்தில் அந்தச் சிவப்பைக் கண்டதும் நான் கையை நீட்டினேன். படகோட்டி துடுப்பை நிறுத்தி, "அண்ணே, கைய உள்ள வைங்க. அது பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்" என்றார். கீறினால் வடியும் அந்த வெண்பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணையும் கெடுக்கும். கோயிலைப் பலமுறை வலம்வந்தும் அறியாத அந்த மரத்தை, கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு முழ தூரத்திலிருந்து கண்ணாரக் கண்டேன்.

திண்டுக்கல்லிலிருந்து

புளியமரம் இலை மடிப்பதைப் பற்றித் தொடக்கத்தில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது பழகிய காட்சி. எங்கள் ஊரிலிருந்து நகரத்துக்குப் போகும் சாலையின் இருபுறமும் புளியமரங்கள் கூரை போட்டிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைப் பட்டையடித்து எண் எழுதியிருக்கும். ஆண்டுதோறும் புளி ஏலம் போகும். பள்ளி விட்டு நடந்துவரும்போது 114ஆம் எண் மரத்தடியில் பையை இறக்கி வைப்போம். மாலை மங்க மங்கச் சிற்றிலைகள் சோடி சோடியாக முகத்தோடு முகம் சேர்த்துக்கொள்ளும். சிற்றிலைகளின் அடியிலுள்ள சிறு புடைப்பில் நீரழுத்தம் மாறுவதால் அப்படி மடிகின்றன என்பதைப் பிற்பாடு படித்தேன். அந்த வயதில் எங்களுக்கு அது வீட்டுக்குப் போக வேண்டிய நேரத்தைக் காட்டும் கடிகாரம்.

சாலையை அகலப்படுத்தியபோது ஒரே வாரத்தில் அத்தனை மரங்களும் போயின. நான் வெளியூரில் இருந்தேன். திரும்பி வந்தபோது 114 நின்ற இடத்தில் கருஞ்சிவப்பான வைரம் பாய்ந்த துண்டுகள் அடுக்கிக் கிடந்தன. ஒரு மரத்துக்குப் பத்து மரம் நடுவதாகச் சொன்னார்கள். புதிய சாலையின் நடுத்தடுப்பில் இப்போது அரளி பூக்கிறது. அரளியின் மேல் எனக்கு வருத்தம் இல்லை, ஆனால் அதன் கீழே யாரும் பையை இறக்கி வைக்க முடியாது.

அந்த அடுக்குக்குப் பக்கத்தில் மிதிபட்டுக் கிடந்த பழங்களில் சிலவற்றைப் பொறுக்கி வந்தேன். பன்னிரண்டு கொட்டைகள் ஊன்றியதில் ஏழு முளைத்தன. ஆடு தின்றதும் வெயிலில் கருகியதும் போக இரண்டு நிற்கின்றன, ஒன்று எங்கள் கொல்லையில், மற்றொன்று ஊர்க் கண்மாய்க் கரையில். உங்கள் யோசனையைப் படித்துவிட்டு நேற்று மாலை சணல் கயிற்றோடு கண்மாய்க்குப் போனேன். மார்பளவு உயரத்தில் சுற்றிப் பார்த்ததில் சுற்றளவு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. முடிச்சைப் போட்டு நிமிர்ந்தபோது மணி ஆறேகால். இலைகள் பாதி மடிந்திருந்தன.