டிராகனுக்கு ‘ஹூ’ போடுவதா ‘விச்’ போடுவதா? ஆங்கில மாயக்கதையில் மூன்று சந்தேகங்கள்

நிலாச்சோறு:
எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பயிற்சி வாக்கியம் கொடுத்தால் பிள்ளைகள் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். கதை எழுதச் சொன்னால் அத்தனையும் மறந்துபோகிறது. அதனால் அட்ஜெக்டிவ் க்ளாஸும் (‘ஹூ’, ‘விச்’ என்று தொடங்கிப் பெயர்ச்சொல்லை விவரிக்கும் துணைவாக்கியம்) ரிப்போர்ட்டட் ஸ்பீச்சும் (ஒருவர் சொன்னதை நாம் எடுத்துச் சொல்லும் அயற்கூற்று) தானாக வந்து விழுகிற மாதிரி நானே ஒரு மாயக்கதை எழுதத் தொடங்கினேன். மலைக்கு அடியில் ஒரு டிராகன் உறங்குகிறது. அதை எழுப்ப ஓர் அரசன் போகிறான். வழியில் ஒரு முனிவர் எச்சரிக்கிறார். இரண்டு பக்கத்துக்குள் மூன்று இடத்தில் நின்றுவிட்டேன்.

முதல் இடம்: ‘தி டிராகன் விச் ஸ்லெப்ட் அண்டர் தி மவுண்டன் ஓப்பன்ட் இட்ஸ் ஐஸ்’. இதில் கமா வேண்டுமா? டிராகன் பின்னால் பேசப்போகிறது, அப்படியானால் ‘ஹூ’ போடலாமா?

இரண்டாவது: ‘தி ஹெர்மிட் டோல்ட் தி கிங் தட் ஹி வுட் டை பிஃபோர் டான்’. வகுப்பில் வாசித்தேன். முதல் பெஞ்சில் இருந்து ஒரு பையன், “யார் சாவாங்க மிஸ், ராஜாவா சாமியாரா?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

மூன்றாவது: முனிவர் சொல்வது ‘டிராகன்ஸ் நெவர் ஃபர்கெட்’. பொது உண்மை என்றால் அயற்கூற்றில் வினையின் காலம் மாறாது என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். டிராகன் மறக்காது என்பது பொது உண்மையா?

பிழைதிருத்தி:
கமாவில் நாம் தடுமாறுவதற்குக் காரணம் நம் பெயரெச்சம். ‘மலைக்கடியில் உறங்கிய டிராகன் கண் திறந்தது’ என்று எழுதினால், அந்தக் கதையில் டிராகன் ஒன்றா பலவா என்று வாக்கியம் சொல்லாது. ஆங்கிலத்தில் கமா சொல்லிவிடும். கமா இல்லாவிட்டால் டிராகன்கள் பல, அவற்றில் மலைக்கடியில் உறங்கியது மட்டும் கண் திறந்தது. முன்னும் பின்னும் கமா போட்டால் இருப்பதே ஒரு டிராகன், உறங்கியது அதைப் பற்றிய கூடுதல் செய்தி. உங்கள் கதையில் ஒன்றுதானே? அப்படியானால் இரண்டு கமாவும் வேண்டும். ஒன்றை மட்டும் போட்டு இன்னொன்றை விட்டுவிடுவதைத்தான் நான் தினமும் திருத்துகிறேன்.

அந்த இடத்தில் ‘தட்’ மட்டும் வேண்டாம், கமாவோடு அது ஒட்டாது. பேசி, கோபப்பட்டு, பேரம் பேசுகிற டிராகன் என்றால் தாராளமாக ‘ஹூ’ போடுங்கள். ஆனால் முதல் பக்கத்திலிருந்தே போடுங்கள், ‘இட்ஸ்’ என்பதையும் ‘ஹிஸ்’ அல்லது ‘ஹர்’ ஆக்குங்கள். நடுவில் மாற்றினால் வாசிப்பவர் இடறுவார். அஃறிணைப் பொருள் கேட்பது போலவும் பேசுவது போலவும் சொல்லலாம் என்று நன்னூலிலேயே ஒரு நூற்பா உண்டு, அதனால் இது நமக்குப் புதிதல்ல.

இன்னொன்று. க்ளாஸ் தன் பெயர்ச்சொல்லை ஒட்டியே நிற்கட்டும். ‘ஹி டுக் எ சோர்ட் ஃப்ரம் தி கேவ் விச் வாஸ் க்ளோயிங்’ என்றால் மின்னுவது குகையாகிவிடும்.

பழைய வாத்தியார்:
அந்தப் பையன் கேட்டது நல்ல கேள்வி அம்மா, அவனைப் பாராட்டுங்கள். தமிழில் இந்தக் குழப்பம் வராமல் காப்பது ‘தான்’ என்கிற ஒரு சொல். ‘தான் விடிவதற்குள் இறந்துவிடப்போவதாக முனிவர் அரசனிடம் சொன்னார்’ என்றால் சாவது முனிவர். ஆங்கிலத்தில் ‘தான்’ கிடையாது. ‘ஹி’ ஒன்றே இரண்டு பேருக்கும் வேலை செய்கிறது.

என்னைக் கேட்டால் இதை ரிப்போர்ட்டட் ஸ்பீச்சாக எழுதவே கூடாது. சாபம், வரம், ஆரூடம் எல்லாம் சொன்னவர் வாயிலிருந்தே வரவேண்டும்: “யூ வில் டை பிஃபோர் டான்.” ‘வில்’ ‘வுட்’ ஆனதுமே பாதி பயம் போய்விடுகிறது பாருங்கள். பாலம் உடைந்திருப்பதாகக் காவல்காரன் சொன்னான், குதிரை நொண்டுவதாக வேலையாள் சொன்னான், இந்த மாதிரி சேதிகளை அயற்கூற்றில் தள்ளிவிடலாம். ‘டுமாரோ’ ‘தி நெக்ஸ்ட் டே’ ஆவதையும் ‘டுநைட்’ ‘தட் நைட்’ ஆவதையும் அங்கேயே பழக்கிவிடலாம்.

கதைசொல்லி:
மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ‘தி ஹெர்மிட் செட் தட் டிராகன்ஸ் நெவர் ஃபர்கெட்’, ‘...நெவர் ஃபர்காட்’, இரண்டும் சரி. ஆனால் நிகழ்காலத்தில் விட்டால் கதை சொல்பவரும் அதற்குச் சாட்சி நிற்கிற மாதிரி ஆகிறது, அந்த உலகத்தின் விதியே அது என்று. ‘ஃபர்காட்’ என்றால் அது முனிவர் சொன்னது, அவ்வளவுதான். உண்மையாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

பாட்டி கதையை நினைத்துப் பாருங்கள். ‘ஒரே ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்.’ அந்த ‘ஆம்’ இருக்கிறதே, முழுக்கதையும் யாரோ சொல்லிக் கேட்டது என்பதை அந்தச் சின்ன ஒட்டு தாங்குகிறது. ஆங்கிலத்தில் வினைக்கு அப்படி ஒட்டு இல்லை. அந்தப் பாரத்தைக் காலம்தான் சுமக்கிறது. அதனால் முதலில் நீங்கள் முடிவுசெய்ய வேண்டியது, முனிவரை நம்புகிறீர்களா என்பதை.

நிலாச்சோறு:
எல்லோருக்கும் நன்றி. ‘தி டிராகன், ஹூ ஸ்லெப்ட் அண்டர் தி மவுண்டன், ஓப்பன்ட் ஹர் ஐஸ்’ என்று மாற்றிவிட்டேன். ஆரூடத்தை முனிவர் வாய்க்கே கொடுத்துவிட்டேன்.

மூன்றாவதை மட்டும் இரண்டு விதமாகவும் கரும்பலகையில் எழுதி, கதைக்கு எது வேண்டும் என்று வகுப்பையே கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, “ஃபர்காட்னு போடுங்க மிஸ். சாமியார் பொய் சொல்லியிருந்தா டிராகன் ராஜாவை மறந்திருக்கும்ல?” என்றாள். நான் எழுதி வைத்திருந்த முடிவில் டிராகன் அரசனை அடையாளம் கண்டு கொன்றுவிடுகிறது. அந்தப் பக்கத்தை இன்று ராத்திரி திரும்ப எழுத உட்காருகிறேன்.