ரோமானியக் கண்ணாடி விளக்கில் திரி நிற்கவில்லை, வழி சொல்லுங்கள்

எகிப்தின் கரானிஸில் கிடைத்த கி.பி. 4ஆம் நூற்றாண்டுக் கூம்புக் கண்ணாடி விளக்குகளைப் பார்த்து ஊதிச் செய்த மாதிரி இது. போன மாதம் முதல் எரிக்கப் பார்க்கிறேன். அடியில் தண்ணீர், மேலே ஆலிவ் எண்ணெய். வாய் அகலம் 10 செ.மீ.; அடி கூர் என்பதால் இரும்பு வளையத்தில் தொங்குகிறது.

ஏற்றியதும் நன்றாக எரியும். அப்புறம் திரி சாய்ந்து சுவரில் ஒட்டும், கரி பிடிக்கும், அணைந்துவிடும். கண்ணாடி விரிசல் விடுமோ என்ற பயம் வேறு. தக்கை மிதவையில் செருகினேன், அதுவும் ஓரத்துக்கே போகிறது. ஆளிநார்த் திரி, எண்ணெயைக் கூட்டுவது, மின்விசிறியை நிறுத்துவது எல்லாம் பார்த்தாயிற்று. (மூக்கு வைத்த மண் விளக்கில் இந்தத் தொல்லையே இல்லை!)

விளிம்பில் மாட்டித் திரியை நடுவில் நிறுத்தும் பிடியைச் செம்புக் கம்பியில் எப்படி வளைப்பது?