லைவ்பேட்ச் டெஸ்ட் ஸ்கிரிப்ட்: ட்ரேஸ்ல பேர் இருந்தா போதுமா, வரிசையும் பாக்கணுமா?

நிரல்நாடி:
எங்க டீம்ல ஒரு ஷெல் டெஸ்ட் ரிவ்யூக்கு வந்திருக்கு. வேலை சின்னதுதான். ப்ராக் டைரக்டரில (/proc) இருக்குற சிஎம்டிலைன் ஃபைலைப் படிச்சா லினக்ஸ் கெர்னல்ல ஒரு ஃபங்ஷன் ஓடும்ல, அதை லைவ்பேட்ச் பண்ணிட்டு (ரீபூட் பண்ணாமலே ஓடுற கெர்னல் கோடை மாத்துறது), பழைய ஃபங்ஷனும் அதுக்குப் பதிலா வந்த புதுசும் ரெண்டுமே ஃபங்ஷன் ட்ரேஸர்ல (எந்த ஃபங்ஷன் ஓடுச்சுன்னு பதிவு பண்றது) தெரியுதான்னு பாக்கணும். மெயின்லைன் கெர்னலோட சொந்த டெஸ்ட் தொகுப்பான செல்ஃப்டெஸ்ட்லயும் 2025ல இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு. இங்க எழுதினவர் ட்ரேஸ் ஃபைலை கிரெப் பண்ணி (grep, வார்த்தை தேடுற கமாண்ட்) ரெண்டு ஃபங்ஷன் பேரும் கிடைச்சா பாஸ்னு விட்டுட்டார். எனக்கு இது பத்தாது. ஏன்னா பழைய ஃபங்ஷன் வாசல்ல இருக்குற எஃப்ட்ரேஸ் (கெர்னலோட ட்ரேஸ் வசதி) ஹூக்ல தான் ட்ரேஸரும் உக்காந்திருக்கு லைவ்பேட்சும் உக்காந்திருக்கு, ட்ரேஸர் பேரை எழுதும், லைவ்பேட்ச் இன்ஸ்ட்ரக்‌ஷன் பாயின்டரை (அடுத்து எந்தக் கோடு ஓடணும்னு காட்டுறது) புது ஃபங்ஷனுக்குத் திருப்பி விடும், அங்க போனதும் அதோட சொந்த ஹூக் ஓடி ரெண்டாவது பேர் விழும். அதனால ஒரு தடவை படிச்சா முதல்ல பழசு, அடுத்தது புதுசு, இந்த ஜோடி தான் வரணும். அதை வரிக்கு வரி செக் பண்ணலன்னா நாம எதை டெஸ்ட் பண்றோம்?

பழையபூட்:
கடுமையா மறுக்குறேன். நான் டிஸ்ட்ரோ பக்கம் இந்த டெஸ்ட்டுங்களை தினமும் ஓட்டுற ஆளு. வரிக்கு வரி ஒப்பிடுற பழக்கம் என்ன பண்ணும்னு டிமெசேஜ் (கெர்னல் லாக்) செக்லயே பாத்தாச்சு. அந்த ஸ்கிரிப்ட் லாக்ல லைவ்பேட்ச் சம்பந்தப்பட்ட வரியை மட்டும் எடுத்து, டெய்ன்ட் வரியை (மாட்யூலால கெர்னல் கறைபட்டுச்சுங்கிற எச்சரிக்கை) தள்ளி, டைம்ஸ்டாம்பை வெட்டி, எதிர்பார்த்த டெக்ஸ்டோட அச்சு அசலா பொருந்துதான்னு பாக்கும். கெர்னல் கான்ஃபிக்ல ப்ரின்ட்கே காலர் ஆப்ஷன் ஆன்ல இருந்தா ஒவ்வொரு வரி முன்னாடியும் த்ரெட் நம்பர் ஒட்டிக்கும், உடனே எல்லாமே ஃபெயில். கெர்னல்ல ஒரு குறையும் இல்ல, ஆனா ரிப்போர்ட் முழுக்க சிவப்பு. அதுக்குன்னு தனியா இன்னொரு செட் (sed) கமாண்ட் சேர்த்து வெட்ட வேண்டியிருந்துச்சு. இப்ப ட்ரேஸ்லயும் அதே கதையைத் தொடங்கணுமா? சிஎம்டிலைன் ஃபைலை நாம மட்டுமா படிக்கிறோம், சிஸ்டம்டி (சர்வீஸ்களை நடத்துற புரோக்ராம்) டூல்ஸ் எந்த நேரமும் படிக்கும், நடுவுல ஒரு வரி கூடுதலா விழுந்தா உங்க ஜோடி கலைஞ்சுரும். காரணமே இல்லாம நாலு தடவை ஃபெயில் ஆன டெஸ்ட்டை அஞ்சாவது தடவை யாரும் திறந்து பாக்க மாட்டாங்க, உண்மையான பக் அன்னைக்குத் தான் வரும்.

ஹூக்மணி:
ரெண்டு பேரும் கொள்கை பேசுறீங்க, முதல்ல அந்த கிரெப் சரியான்னு பாருங்க. புது ஃபங்ஷனோட பேர் என்ன? பழைய பேருக்கு முன்னாடி லைவ்பேட்ச், ஒரு அண்டர்ஸ்கோர், அவ்வளவு தான். அப்ப பழைய பேரை சும்மா கிரெப் பண்ணா புது ஃபங்ஷன் வரியிலயும் அது மாட்டும். பழசு ட்ரேஸே ஆகலன்னாலும் டெஸ்ட் பாஸ்! எதைப் பிடிக்க எழுதினாங்களோ அதையே விட்டுரும். டபிள்யூ ஆப்ஷன் போட்டு முழு வார்த்தையா தேடச் சொல்லுங்க, அண்டர்ஸ்கோரை கிரெப் வார்த்தையோட பகுதியா தான் எடுத்துக்கும், அதனால ரெண்டும் தெளிவா பிரியும்.

நிரல்நாடி:
அருமையான பிடி ஹூக்மணி. இதைத் தான் நானும் சொல்றேன், தளர்வா செக் பண்ணா இப்படித்தான் ஓட்டை விழும்.

பழையபூட்:
இல்ல ப்ரோ, இது தளர்வு இல்ல, தேடுற பேட்டர்ன் தப்பு. அதைத் திருத்துங்க, நான் முதல் ஆளா கையைத் தூக்குறேன். வரிசை செக்குக்கு இது சாட்சி ஆகாது.

சி_மட்டும்:
இதுக்கெல்லாம் மூலம் ஷெல் தான். லோக்கல் வேரியபிள் அறிவிக்கிற அதே வரியில கமாண்டை ஓட்டினா அந்த கமாண்ட் ஃபெயில் ஆனதே தெரியாது, லோக்கலோட எக்ஸிட் கோட் (பாஸா ஃபெயிலான்னு சொல்ற நம்பர், ஜீரோன்னா பாஸ்) தான் வரும், அது எப்பவும் ஜீரோ. எக்கோ பண்ணி, எந்த ஃபங்ஷனை ட்ரேஸ் பண்ணணும்னு சொல்ற ஃபில்டர் ஃபைல்ல எழுதுறது ஃபெயில் ஆனாலும் ஸ்கிரிப்ட் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போயிரும். ஃபெயில் ஆனா உடனே நிறுத்துற செட் இ (set -e) போட்டாலும், ஒரு ஃபங்ஷனை இஃப்குள்ள கூப்பிட்டா அது உள்ள வேலை செய்யாது. ரூட்டா ஓடி கெர்னலோட கோடையே மாத்துற டெஸ்ட் இது. சி-ல எழுதுங்க, செல்ஃப்டெஸ்ட்ல அதுக்கு ஹார்னஸ் (டெஸ்ட் எழுத உதவுற சட்டகம்) இருக்கு.

பழையபூட்:
சி-ல எழுதுனா ரிட்டர்ன் வேல்யூவை யாரும் மறக்க மாட்டாங்களா? இங்க நடக்குறது மாட்யூல் லோட் பண்றது, ஒரு ஃபைல்ல எழுதுறது, ஒரு ஃபைலைப் படிக்கிறது. ஃபெயில் ஆனா அந்த அஞ்சு வரியை நானே டெர்மினல்ல கையால அடிச்சுப் பாத்துருவேன், பைனரியா இருந்தா அது முடியாது. நீங்க சொன்ன குறை எல்லாம் உண்மை தான், ஆனா அதுக்கு மருந்து ரிவ்யூ. சி பேட்ச்னா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாக்குறவங்க, ஷெல்னா டெஸ்ட் தானேன்னு ஓகே சொல்லிடுறாங்க. அது தான் மாறணும்.

ஹூக்மணி:
ஷெல்லோ சி-யோ, இன்னொரு விஷயம் முக்கியம். ஸ்கிரிப்ட் முடிஞ்சதும் மெஷின் பழைய நிலைக்கு வரணும். ட்ரேஸரை ஃபங்ஷன்னு வச்சு, ஃபில்டர்ல பேரைப் போட்டு அப்படியே விட்டா அடுத்த டெஸ்ட் அதோட ஓடும். ட்ராப் (ஸ்கிரிப்ட் முடியும்போது தானா ஓடுற கமாண்ட்) வச்சு திருப்பி எழுதலாம் தான், ஆனா கில் மைனஸ் 9 (வலுக்கட்டாயமா நிறுத்துறது) வந்தா ட்ராப் ஓடாது. க்ளோபல் ட்ரேஸை ஏன் தொடுறீங்க? ட்ரேஸிங் டைரக்டரிக்குள்ள இன்ஸ்டன்சஸ் இருக்கு, அதுல எம்கேடிர் (mkdir) போட்டு ஒரு டைரக்டரி உண்டாக்கினா தனி பஃபர், தனி ஃபில்டர், தனி பிஐடி (ப்ராசஸ் நம்பர்) லிஸ்ட் எல்லாம் கிடைக்கும், முடிஞ்சதும் ஆர்எம்டிர் (rmdir) போட்டு அழிச்சுரலாம். பாதியில செத்தா கூட மத்தவங்க ட்ரேஸ் செட்டிங் கெடாது.

இதுலயே பழையபூட் பயத்துக்கும் பதில் இருக்கு. ஒரு சப்ஷெல் தன்னோட பிஐடியை அந்த லிஸ்ட்ல எழுதிட்டு எக்ஸெக் பண்ணி கேட் (cat, ஃபைலைப் படிக்கிற கமாண்ட்) புரோக்ராமா மாறினா, பிஐடி மாறாது, சிஸ்டம்டி என்ன படிச்சாலும் நம்ம பஃபர்ல விழாது. இன்னொண்ணு, ஃபில்டரை லைவ்பேட்ச் லோட் ஆன பிறகு தான் எழுதணும். முன்னாடியே எழுதுனா புது ஃபங்ஷன் கெர்னலுக்கே தெரியாது, இன்வேலிட் ஆர்க்யுமென்ட்னு திருப்பி அனுப்பும். லோட் ஆனா மட்டும் போதாது, எல்லா ப்ராசஸும் புது கோடுக்கு மாறிடுச்சான்னு காட்டுற ட்ரான்சிஷன் ஃபைல் ஜீரோ ஆகுற வரை காத்திருக்கணும்.

பழையபூட்:
பிஐடி ஃபில்டர் இருந்தா வரிசை செக்கை நான் எதிர்க்க மாட்டேன். என் பயமே அடுத்தவன் வரி நடுவுல வரும்ங்கிறது தான். காத்திருக்குறதுல மட்டும் கை வைக்காதீங்க. இப்ப ஸ்கிரிப்ட் அந்த ஃபைலை 0.1 செகண்ட் இடைவெளியில 600 தடவை பாக்குது, அதாவது 60 செகண்ட். செல்ஃப்டெஸ்ட் ரன்னரோட வழக்கமான டைம்அவுட் 45 செகண்ட் தான், லைவ்பேட்சுக்கு அதை ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க. ரிவ்யூல யாராவது இது ரொம்ப நீளம்னு குறைச்சா, டீபக் கெர்னல் ஓடுற மெதுவான மெஷின்ல மறுபடி சிவப்பு.

சி_மட்டும்:
இன்ஸ்டன்ஸ் எல்லாத்துக்கும் மருந்து இல்ல. எஃப்ட்ரேஸ் எனேபிள்ட் சிஸ்சிடிஎல் (எஃப்ட்ரேஸை ஆன் ஆஃப் பண்ற கெர்னல் செட்டிங்) மெஷின் முழுசுக்கும் ஒண்ணு தான். அதை ஆஃப் பண்ணா லைவ்பேட்ச் லோட் ஆகக்கூடாது, லைவ்பேட்ச் இருக்கும்போது ஆஃப் பண்ணப் போனா பிஸின்னு எரர் வரணும், இதைச் செக் பண்ற டெஸ்ட் அதே ஃபைல்ல தான் இருக்கு. அது பாதியில செத்து எஃப்ட்ரேஸ் ஆஃப்லயே நின்னா பின்னாடி வர்ற எல்லாம் விழும்.

நிரல்நாடி:
அதுக்கு டெஸ்ட் தொடங்கும்போதே அந்த வேல்யூவை எதிர்பார்த்த நிலைக்கு வச்சுட்டு ஆரம்பிக்கணும், முன்னாடி ஓடினவன் ஒழுங்கா துடைச்சிருப்பான்னு நம்பக்கூடாது. சரி, இன்னைக்கே திருப்பி அனுப்புறேன். கிரெப்ல முழு வார்த்தை, தனி இன்ஸ்டன்ஸ், பிஐடி ஃபில்டர், ட்ரான்சிஷன் முடிஞ்ச பிறகு ஃபில்டர், ஒவ்வொரு எக்கோவுக்கும் ஃபெயில் செக், அப்புறம் பழசு புதுசு வரிசை. டிமெசேஜ் ஒப்பீட்டை மட்டும் தொட மாட்டேன். கால்பேக் (பேட்ச் போடும்போதும் எடுக்கும்போதும் ஓடுற ஃபங்ஷன்) எந்த வரிசையில ஓடிச்சுன்னு சொல்ல வேற சாட்சி இல்ல.

பழையபூட்:
அதுல உங்களோட ஒத்துப் போக முடியல. கால்பேக் டெஸ்ட்டுக்கு வரிசை வேணும், சரி. இந்த ட்ரேஸ் டெஸ்ட்டுக்கு லாக்ல என்ன வேலை? ட்ரேஸ் தான் பதில் சொல்லிடுச்சே. லாக் ஒப்பீடு இதுலயும் இருந்தா அந்த ஒரு காரணத்துக்கே என் ஆட்சேபணையைப் பதிவு பண்ணுவேன், பேட்ச் வந்ததும் அங்கயே எழுதுறேன்.