மொராக்கோவில் முதல் பயணம்: போய் வந்தவர்கள் பேசுகிறோம்

தம்பி, உங்கள் திட்டத்தைப் படித்தேன். பத்து நாளில் காசாபிளாங்கா, ரபாத், தஞ்சியர், ஷெஃப்ஷாவன், ஃபெஸ், மெர்சூகா பாலைவனம், மராக்கேஷ், எஸ்ஸவீரா என்று எட்டு இடங்கள். வரைபடத்தில் அழகான வட்டமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த வட்டத்தைச் சுற்றி முடிப்பதற்குள் விடுமுறையில் பாதி வண்டியிலேயே கழிந்துவிடும். எட்டில் நான்கை வெட்டிவிடுங்கள். நானும் என் மனைவியும் போய் வந்ததை வைத்துச் சொல்கிறேன்.

மொராக்கோவில் ரயில் போகிற ஊர்கள், போகாத ஊர்கள் என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பாதித் திட்டம் தானாகவே அமைந்துவிடும். தஞ்சியர், ரபாத், காசாபிளாங்கா, மெக்னெஸ், ஃபெஸ், மராக்கேஷ் எல்லாம் ரயில் பாதையில் இருக்கின்றன. தஞ்சியருக்கும் காசாபிளாங்காவுக்கும் இடையே 2018 முதல் அல் புராக் அதிவேக ரயில் ஓடுகிறது. வடக்குப் பகுதியில் மணிக்கு 320 கி.மீ. வேகத்தைத் தொடும். இரு நகரங்களுக்கும் இடையே பயணம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ஃபெஸிலிருந்து மராக்கேஷுக்கு அப்படி இல்லை. சாதாரண ரயிலில் ஏறக்குறைய ஏழு மணி நேரம். ஷெஃப்ஷாவன், எஸ்ஸவீரா, மெர்சூகா மூன்றுக்கும் ரயிலே கிடையாது. சி.டி.எம்., சுப்ராடூர்ஸ் என்ற நிறுவனங்களின் பஸ்கள் போகின்றன, நல்ல பஸ்கள். சி.டி.எம். பஸ்ஸில் பெரிய பெட்டியைக் கவுண்டரில் எடை போட்டு, சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு சீட்டு ஒட்டித் தருவார்கள். அதற்காகக் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள்.

விமான டிக்கெட்டைப் போகும்போது ஓர் ஊருக்கும் திரும்பும்போது வேறோர் ஊரிலிருந்தும் எடுங்கள். காசாபிளாங்காவில் இறங்கி மராக்கேஷிலிருந்து கிளம்பினால், வந்த வழியே திரும்பிப் போக வேண்டிய ஒரு முழு நாள் மிச்சம்.

அந்த ஏழு மணி நேர ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முதல் வகுப்பில் இருக்கை எண் உண்டு. ஆறு பேர் எதிரும் புதிருமாக உட்காரும் அறை. ஒரு பாட்டி பேரனோடு ஏறினார். வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் துணிப்பையிலிருந்து வட்டமான ரொட்டியை எடுத்துப் பிய்த்து, தான் வாயில் வைப்பதற்கு முன்னால் அறையில் இருந்த எல்லோருக்கும் நீட்டினார். வேண்டாம் என்று கை அசைத்தவர்களிடமும் இரண்டாம் முறை நீட்டினார். என் மனைவி கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தார். பாட்டி ஒன்றை முகர்ந்து பார்த்து, கடித்து, இன்னொன்றைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டார். இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. பேரனுக்குத் தெரிந்த பிரெஞ்சும் எனக்குத் தெரிந்த நாலு சொற்களும் போதுமானதாக இருந்தன. ரயிலில் உணவுப் பொட்டலம் கொண்டு போகிறவர்கள் பங்கு போடும் அளவுக்குக் கொண்டு போங்கள்.

இனி ஃபெஸ். என்னைக் கேட்டால் மொராக்கோவின் நெஞ்சே அந்த ஊர்தான். மூன்று இரவுக்குக் குறைவாக அங்கே தங்காதீர்கள். பழைய நகரத்துக்குள் கார் நுழைய முடியாது. வாயிலில் டாக்ஸி நின்றுவிடும். அங்கிருந்து கைவண்டிக்காரர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சந்து சந்தாக அழைத்துப் போவார். நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய பழைய வீடுகளை விடுதியாக்கியிருக்கிறார்கள், ரியாத் என்பார்கள். வெளியே வெறும் சுவரும் ஒரு கதவும்தான் தெரியும். அந்தக் கதவை இரவில் தனியாகத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஆகையால் முதல் நாள் பகலில் போய்ச் சேரும்படி பஸ்ஸையோ ரயிலையோ பிடியுங்கள். வாயிலுக்கு ஆள் அனுப்பும்படி விடுதிக்கு முன்பே எழுதிவிடுங்கள்.

நீல ஓடு பதித்த பாப் பூ ஜலூத் வாயிலில் நுழைந்தால் தலா கெபீரா என்ற தெரு சரிவாக இறங்கும். பின்னால் "பாலாக்! பாலாக்!" என்று குரல் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கோவேறு கழுதை தோல் மூட்டையோடு வருகிறது என்று அர்த்தம். அங்கேதான் அந்த இளைஞனையும் சந்திப்பீர்கள். "அந்தப் பக்கம் வழி மூடியிருக்கிறது" என்பான். எந்த வழியும் மூடியிருக்காது. "தோல் பதனிடும் இடத்தில் இன்று மட்டும் விசேஷம்" என்பான். அந்த வேலை அங்கே அன்றாடம் நடப்பது. கோபப்படாமல், நிற்காமல், "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சொல்லி நடந்துகொண்டே இருந்தால் அடுத்த முடுக்குக்குள் விட்டுவிடுவான். வழி கேட்க வேண்டுமென்றால் கடைக்குள் உட்கார்ந்து வேலை செய்கிறவரைக் கேளுங்கள். எங்களுக்கு ஒரு சீப்புக் கடைக்காரர், கொம்பை அராவிக்கொண்டிருந்தவர், அரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து முனை வரை நடந்து காட்டினார். காசு நீட்டியபோது நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்துவிட்டுத் திரும்பிப் போனார். தானாக ஓடி வருகிறவரையும் நாம் போய்க் கேட்கிறவரையும் பிரித்தறியப் பழகிவிட்டால் ஃபெஸ் உங்களுக்குத் திறந்துகொள்ளும். முதல் நாள் மட்டும் அரசு உரிம அட்டை வைத்திருக்கும் வழிகாட்டியை விடுதி மூலம் அமர்த்திக்கொள்வது நல்லது.

ஷுவாரா தோல் தொட்டிகளைத் தோல் கடைகளின் மாடியிலிருந்துதான் பார்க்க வேண்டும். நுழையும்போதே கையில் ஒரு கொத்துப் புதினா தருவார்கள், மூக்கில் வைத்துக்கொள்ள. சுண்ணாம்பிலும் புறா எச்சத்திலும் தோலை ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். தேன்கூடு போல நெருங்கிய கல் தொட்டிகளில் ஆட்கள் முழங்காலுக்கு மேல் சாயத்தில் நின்று மிதிக்கிறார்கள். படம் எடுக்கத்தான் எல்லோரும் போகிறோம். ஆனால் அந்த வெயிலில் அந்த உழைப்பைக் கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

859-இல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண்மணி நிறுவியதாகப் போற்றப்படும் கராவியீன் பள்ளிவாசல் அங்கேதான் இருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர்கள் வாசலில் நின்றுதான் பார்க்கலாம். அருகிலுள்ள அத்தாரீன் மதரசாவுக்குள் எல்லோரும் போகலாம். வெள்ளிக்கிழமை பிற்பகலில் பழைய நகரில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அன்று பொருள் வாங்கத் திட்டமிடாதீர்கள்.

* * *

ஐயா எழுதியதோடு சேர்த்து ஒரு பெண்ணின் அனுபவத்தையும் சொல்கிறேன். நான் தனியாகப் போனேன். "பாதுகாப்பா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குப் பாதுகாப்பாகவே இருந்தது. ஆனால் சளைக்காமல் கூப்பிடுவார்கள். இந்திய முகம் என்றால் "ஷாருக் கான்!" என்று கடைக்குக் கடை குரல் வரும். சிரித்துவிட்டு நடக்கலாம், நின்று பேச வேண்டியதில்லை.

மராக்கேஷின் ஜமா எல் ஃப்னா திடலில் மருதாணி போடும் பெண்கள் கையைப் பிடித்து இழுத்து, கேட்காமலேயே ஒரு கோடு போட்டுவிடுவார்கள். பிறகு பேரம். என் கையைப் பிடித்த பெண்ணிடமிருந்து நான் விடுபடப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ரொட்டி விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி எழுந்து வந்தார். அந்தப் பெண்ணை ஒரே வாக்கியத்தில் அதட்டினார். என் கையை எடுத்துத் தன் முந்தானைத் துணியால் துடைத்துவிட்டு, "போ" என்று சைகை காட்டினார். மறுநாள் அவரிடம்தான் ரொட்டி வாங்கினேன். பாம்பு, குரங்கு வைத்திருப்பவர்களைப் படம் எடுத்தால் காசு கேட்பார்கள். தூரத்திலிருந்து எடுத்தாலும் கேட்பார்கள்.

டாக்ஸி விஷயம். ஊருக்குள் ஓடுவது சின்ன டாக்ஸி, மூன்று பேருக்கு மேல் ஏற்றமாட்டார்கள். ஊருக்கு ஒரு நிறம்: காசாபிளாங்காவிலும் ஃபெஸிலும் சிவப்பு, ரபாத்தில் நீலம். ஏறும்போதே மீட்டர் போடச் சொல்லுங்கள். இரவில் மீட்டர் தொகையோடு பாதி கூடுதல். அது சட்டப்படியான கட்டணம்தான், அதற்காகச் சண்டை போடாதீர்கள். ஊர் விட்டு ஊர் போவது பெரிய டாக்ஸி. ஆறு பேர் சேர்ந்ததும் கிளம்பும். நெருக்கம் பிடிக்காவிட்டால் இரண்டு இடத்துக்குக் காசு கொடுத்து முன்னிருக்கையை வாங்கிக்கொள்ளலாம். தனியாகப் போகும் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

* * *

சைவ உணவுக்காரர்கள் பயப்பட வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். குடும்பத்தோடு போனோம், என் அம்மா முட்டைகூடச் சாப்பிட மாட்டார். மண் சட்டியில் மூடி வேகவைக்கும் குழம்பான தஜீன், காய்கறி மட்டும் போட்டது, எல்லா உணவகத்திலும் உண்டு. ஆனால் இறைச்சிச் சாற்றில் வேகவைத்திருக்கலாம் என்பதால் கேட்டுவிட்டே வாங்க வேண்டும். ஹரீரா சூப்பிலும் பல இடங்களில் இறைச்சி இருக்கும். கத்தரிக்காயைச் சுட்டு மசித்துத் தக்காளி சேர்த்த சாலூக், அடுக்கடுக்காக மடித்துத் தோசைக்கல்லில் சுடும் மிஸ்மன், அவித்த பயறு, ஆலிவ், ஆரஞ்சு என்று அம்மா நன்றாகவே சாப்பிட்டார்.

எல்லாவற்றுக்கும் மேல் பிஸாரா. காய்ந்த மொச்சை வகைப் பருப்பைப் பூண்டோடு குழைய வேகவைத்துக் கடைந்தது. ஃபெஸில் காலை நேரத்தில் பானை வைத்த சின்னச் சின்னக் கடைகளில் கிடைக்கும். கடைக்காரர் மண் கிண்ணத்தில் ஒரு கரண்டி ஊற்றி, கரண்டியின் முதுகால் நடுவில் ஒரு குழி செய்து, அதில் ஆலிவ் எண்ணெயை நிறைத்து, மேலே சீரகப் பொடியும் மிளகாய்ப் பொடியும் தூவுவார். ரொட்டியால் அள்ளிச் சாப்பிட வேண்டும். தொழிலாளிகள் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அம்மா இரண்டாவது கிண்ணம் கேட்டதும் கடைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரண்டாவதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

* * *

பாலைவனத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. மராக்கேஷிலிருந்து மெர்சூகா 550 கி.மீ.க்கு மேல். 2,260 மீட்டர் உயரமுள்ள டிஸி ந்திஷ்கா கணவாயை ஏறி இறங்க வேண்டும். காரில் ஒன்பது, பத்து மணி நேரம். வளைவுகளில் வயிறு புரளும் குழந்தைகளுக்கு மாத்திரை அவசியம். வழியில் ஐத் பென்ஹத்து மண் கோட்டை, தோத்ரா பள்ளத்தாக்கு எல்லாம் இருப்பதால் மூன்று நாள் கொடுக்க முடிந்தவர்கள் மட்டும் போங்கள். முகவர்கள் விற்கும் இரண்டு நாள் "பாலைவனப் பயணம்" பெரும்பாலும் ஸகோரா வரைதான் போகும். மெர்சூகாவில் உள்ளது போன்ற உயர்ந்த மணல் மேடுகள் அங்கே இல்லை. பணம் கட்டுமுன் ஊர்ப் பெயரைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் போனால் இரவுக் கடுங்குளிருக்குக் கம்பளி வேண்டும். செப்டம்பர் 2023 நிலநடுக்கத்தில் மராக்கேஷுக்குத் தெற்கே அட்லஸ் மலைக் கிராமங்கள் பெரும் துயரப்பட்டன. அந்தப் பக்கம் போகிறவர்கள் கிராமத்து விடுதிகளில் தங்கினால் அந்தக் காசு அங்கேயே சேரும்.

* * *

மதுரைக்காரன் என்ற உரிமையில் ஒரு வேண்டுகோள், ஐயா. தஞ்சியரை வெட்டிவிடாதீர்கள். உலகம் சுற்றிய பயணி இப்னு பதூதா 1304-இல் பிறந்த ஊர் அது. இருபத்தொரு வயதில் அங்கிருந்து கிளம்பியவர், 1340-களில் எங்கள் ஊர் வரை வந்தார். அன்றைய மதுரை சுல்தான் அவருக்குச் சகலை. மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்ததையும் தன் பயணக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். தஞ்சியர் பழைய நகரில் அவருடையது என்று சொல்லப்படும் சின்னஞ்சிறு கல்லறை இருக்கிறது. செங்குத்தான சந்துகளில் ஏறிப் போய் அதன் முன் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. விமானமோ ரயிலோ இல்லாத காலத்தில் அந்தக் கடற்கரைக்கும் எங்கள் வைகைக்கும் இடையே ஒரு மனிதர் வந்து போயிருக்கிறார்.

* * *

மதுரைத் தம்பி சொன்னதை மறுக்க எனக்கு மனமில்லை. நான்கை வெட்டச் சொன்னேன், மூன்றோடு நிறுத்திக்கொள்வோம். திட்டத்தை இப்படி மாற்றுங்கள். காசாபிளாங்காவில் இறங்கி ஓர் இரவு. 210 மீட்டர் கோபுரம் கொண்ட இரண்டாம் ஹசன் பள்ளிவாசலுக்குள் வழிகாட்டியோடு எல்லோரும் போகலாம். அதைப் பார்த்துவிட்டு அல் புராக்கில் தஞ்சியர், ஓர் இரவு. அங்கிருந்து பஸ்ஸில் ஷெஃப்ஷாவன், ஓர் இரவு. நீலச் சுவர்களைப் பார்க்கக் காலை ஏழு மணிக்கே எழுந்துவிடுங்கள், பகல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிட்டால் நிற்க இடமிருக்காது. பிறகு பஸ்ஸில் ஃபெஸ், மூன்று இரவு. ரயிலில் மராக்கேஷ், மூன்று இரவு. ரபாத், எஸ்ஸவீரா, மெர்சூகா மூன்றும் அடுத்த முறைக்கு.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை. இணையம் வழியே விண்ணப்பிக்கலாம். டிரோன் கேமராவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், முன் அனுமதி இல்லாவிட்டால் சுங்கத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். ரமலான் மாதத்தில் போவதாக இருந்தால் அந்நாட்டு நேரம் ஒரு மணி பின்னுக்குப் போகும். ரயில், பஸ் நேரங்களை அந்த மாதத்துக்கென்று தனியாகப் பாருங்கள், பகலில் உணவகங்களும் பல மூடியிருக்கும். அந்நாட்டுப் பணமான திர்ஹம் வெளிநாட்டில் எளிதில் கிடைக்காது. அங்கே இறங்கியதும் விமான நிலையத்திலேயே கொஞ்சம் மாற்றிக்கொண்டு, அதில் ஒரு பகுதியைச் சில்லறையாகக் கேட்டு வாங்குங்கள். மாற்றிய ரசீதைக் கடைசி நாள் வரை பத்திரமாக வையுங்கள், மிச்சப் பணத்தைத் திரும்ப மாற்றும்போது கேட்பார்கள்.