புள்ளிமான்களுக்கு உணவு வைப்பது: கிராம சபையில் எப்படிக் கேட்பது?

கேள்வி (திருப்பத்தூர் பக்கத்து விவசாயி):
எங்கள் கண்மாய்க்கரைக்கு இறங்கிவரும் புள்ளிமான்களுக்குச் சிலர் இரக்கத்தோடு அரிசியும் சோறும் வைக்கிறார்கள். அக்டோபர் 2 கிராம சபையில் இதற்குக் கட்டுப்பாடு கோர விரும்புகிறேன். எதை முன்வைக்கலாம்?

பதில் (காரைக்குடி):
ஐயா, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், இரை வைத்து விலங்கைப் பிடிக்க முயல்வதையும் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆனால் இரக்கத்தால் வைப்பவரை வேட்டைக்காரரோடு சேர்த்துப் பேசிவிடாதீர்கள், ஊர் இரண்டுபடும்.

பதில் (சிங்கம்புணரி):
மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும்: அசைபோடும் விலங்கு பழக்கமில்லாமல் அரிசியை நிறையத் தின்றால், வயிற்றில் அமிலம் பெருகி இறந்தேகூடப் போகும். மானுக்கும் இதுவே. சோற்றுக்குப் பழகி ஊருக்குள் வரும் மானை நாய்கள் விரட்டிக் கடிப்பது அதைவிடக் கொடுமை.

கேட்டவர்:
நன்றி. காட்டுக்குள்ளேயே தண்ணீர்த் தொட்டி அமைக்க வனத்துறையைக் கோரும் வரியையும் தீர்மானத்தில் சேர்க்கிறேன்.