மொட்டைமாடித் தேனடையும் பாப்பஸ் எழுதிய கணக்கும்

கயல் (காலை 8.10): மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தேனீக்கள் விட்டுச்சென்ற தேனடையின் படத்தை அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் ஓரிரு அறைகள் கோணலாக இருந்தாலும், மற்றவை எல்லாம் ஆறு பக்கமாகவே இருக்கின்றன. ஏன், பெரியப்பா?

பெரியப்பா (8.32): நல்ல கேள்வி, கயல். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பாப்பஸ் என்ற கிரேக்கக் கணித அறிஞர், தம் 'தொகுப்பு' நூலின் ஐந்தாம் பகுதியை இதே தேனீக்களைப் பற்றிய முன்னுரையோடுதான் தொடங்குகிறார். அறைகளுக்கு நடுவே சந்து இருந்தால் வேண்டாத பொருள்கள் விழுந்து தேன் கெட்டுவிடும் என்பதால், இடைவெளி விடாத வடிவம் வேண்டும் என்கிறார். பக்கங்களும் கோணங்களும் சமமான வடிவங்களில் அப்படிப் பொருந்துபவை முக்கோணம், சதுரம், அறுகோணம் ஆகிய மூன்றே. ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள 360 பாகையை ஆறு முக்கோணங்களோ, நான்கு சதுரங்களோ, மூன்று அறுகோணங்களோ சரியாக நிரப்பும். ஐங்கோணத்தின் கோணம் 108 பாகை என்பதால், மூன்றை வைத்தால் 36 பாகை வெற்றிடமாக நின்றுவிடும்.

அத்தை (8.40): சதுரம் கட்டுவது எளிதாயிற்றே, அண்ணா? அதை ஏன் விட்டுவிட்டன?

பெரியப்பா (8.51): அதற்குக் கயலே விடை காணட்டும். 12 தீக்குச்சிகளால் மூன்று வடிவங்களையும் ஒவ்வொன்றாக அமைத்து, உள்ளே எவ்வளவு பருப்பு கொள்கிறது என்று பார், அம்மா.

கயல் (மாலை 6.45): செய்து பார்த்தேன். முக்கோணத்துக்குப் பக்கத்துக்கு 4 குச்சிகள், சதுரத்துக்கு 3, அறுகோணத்துக்கு 2. துவரம்பருப்பை ஒரே அடுக்காகப் பரப்பியபோது, முக்கோணத்தில் கொண்டதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அறுகோணத்தில் கொண்டது. சதுரம் இடையில் நின்றது. அப்படியானால் தேனீக்களுக்குக் கணக்குத் தெரியுமா?

பெரியப்பா (7.05): அந்த ஒன்றரை மடங்கு துல்லியமான விகிதமே, கயல்! ஒரே அளவு மெழுகில் அதிகத் தேன் கொள்ளும் வடிவத்தைத் தேனீக்கள் தேர்ந்துகொண்டன என்பதே பாப்பஸின் வாதம். ஆனால், அவை தமக்குப் பயன்படுவதை மட்டுமே அறியும் என்றும், அவற்றைவிட அறிவில் பெரிய பங்கு உடையோம் என்று சொல்லும் நாம் இன்னும் விரிந்த கேள்வியை ஆராய வேண்டும் என்றும் அவர் எழுதுகிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். சுற்றளவு ஒன்றாக இருக்கும்போது, கோணங்கள் கூடக்கூடப் பரப்பு கூடும் என்றும், எல்லாவற்றிலும் பெரியது வட்டம் என்றும் அவர் நிறுவுகிறார். அவர் ஒப்பிட்டது சீரான வடிவங்களை மட்டுமே. தளத்தைச் சம பரப்புகளாக எப்படிப் பிரித்தாலும் அறுகோண வலையே மிகக் குறைந்த சுவர் நீளம் கொண்டது என்பதைத் தாமஸ் ஹேல்ஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1999இல்தான் நிறுவினார்.

கயல் (7.12): வட்டம் பெரிது என்றாலும் சந்து விழும் என்பதால்தான் தேனீக்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று புரிகிறது. தீக்குச்சியை வளைக்க முடியாது. நாளை அதே நீளமுள்ள நூலை வட்டமாக வைத்துப் பருப்பைப் பரப்பிப் பார்க்கிறேன், பெரியப்பா.